பட்டாவில் இல்லாத அத்தைகள்

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூட வைத்திருந்த பட்டா நகலும் கிடைத்தன. தோப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, நீயும் தம்பியும் சித்தப்பா மகனும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளப் போகிறீர்கள், அதற்கு முன் நிலம் வந்த வழியை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கடிதத்தின் கடைசியில், "அத்தைகள் மூன்று பேர், மூத்தவரை எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, எனக்கு அதுதான் முதல் வேலையாகப் படுகிறது.

நீங்கள் கிறிஸ்தவர்கள். உங்களுக்கு இந்து வாரிசுச் சட்டம் கிடையாது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும், அதில் ஆண் பெண் பேதமில்லை. பட்டாவில் இருப்பது 1.05.20 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கர் 60 சென்ட். தாத்தாவுக்குப் பின் பாட்டிக்கு 86.67 சென்ட், ஐந்து பிள்ளைகளுக்கும் தலைக்கு 34.67 சென்ட். பாட்டியும் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பங்கும் அதே ஐவருக்கு, ஆக ஆளுக்கு 52 சென்ட். உன் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து 104 சென்ட்தான். மீதி 156 சென்ட் அத்தைகளுடையது. நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் "பொண்ணுக்கு நகை போட்டாச்சு" என்று பேச்சோடு முடித்துவிட்டார்கள், எழுத்தில் எதுவும் இல்லை. இத்தனை வருடம் நிலம் நம் கையில்தான் அனுபவத்தில் இருந்தது என்று வக்கீல் வாதாடலாம். பாங்கோ நிலம் வாங்குபவரோ அதைக் கேட்டு நிற்க மாட்டார்கள், அத்தை வழி வாரிசுகள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகத் தெரிகிறது.

நிலத்தின் வழியை இன்றிலிருந்து பின்னோக்கிப் போ. நேராக 1870-களின் பதிவேட்டைத் திறந்து தாத்தாவின் தாத்தா பெயரைத் தேடினால் அதே பெயரில் நான்கு பேர் கிடைப்பார்கள், யார் உன் ஆள் என்று சொல்ல முடியாது.

முதலில் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் சிட்டாவும் (ஒருவர் பெயரிலுள்ள நிலங்களின் விவரம்), அ-பதிவேட்டு (ஊர் நிலங்களைப் புல எண் வாரியாகச் சொல்லும் பதிவேடு) நகலும் எடு. அ-பதிவேட்டில் பழைய புல எண் (சர்வே எண்) இருக்கும், அதைத் தனியே குறித்துக்கொள். 1979-ல் தொடங்கிய, நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர் நிலவரித் திட்டத்தில் எண்கள், உட்பிரிவுகள், பெயர்கள் எல்லாம் மாறின. ஏக்கர், சென்ட் அளவுகள் ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) அளவுகளாக மாறியதும் அப்போதுதான். நம் மாவட்டத்தில் பட்டாத் தகராறுகளுக்குப் பெரிய ஊற்று அதுதான். களத்தில் அப்போது யார் நின்றாரோ அவர் பெயரை எழுதிப் போன இடங்கள் உண்டு. பக்கத்துக் கொல்லையின் எட்டு சென்ட் உன் உட்பிரிவில் சேர்ந்திருக்கலாம், உன்னுடையது அங்கே போயிருக்கவும் செய்யலாம். அதனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கு. பெயரில் வெறும் எழுத்துப்பிழை என்றால் வேலை அங்கேயே முடியும். ஆளே மாறியிருந்தால் மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனுப் போட வேண்டும்.

புலப்படத்தின் (நிலத்தின் அளவு வரைபடம்) பழைய பிரதியையும் விடாதே. அதில் அளவுகள் மீட்டரில் இல்லை, சங்கிலிக் கண்ணியில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 100 கண்ணி. ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். அடிக்கோடு 250, உயரம் 160 கண்ணி உள்ள ஒரு முக்கோணம் 20,000 சதுரக் கண்ணி, அதாவது 20 சென்ட். ஒவ்வொரு முக்கோணமாகக் கூட்டிப் பார்த்தால் யு.டி.ஆருக்கு முன் உன் நிலம் எவ்வளவு என்று நீயே சொல்லிவிடலாம்.

அதற்கும் முந்தையது எஸ்.எல்.ஆர் என்று சொல்கிற செட்டில்மென்ட் பதிவேடு. மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் கேள். இல்லையென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிருஷ்ணகிரி 2004-ல்தான் தனி மாவட்டம், தருமபுரியே 1965 வரை சேலத்தோடு இருந்தது. ஆகவே "எங்களிடம் இல்லை" என்று ஓர் அலுவலகம் சொன்னால் பிரிவதற்கு முந்தைய மாவட்ட அலுவலகத்தில் இருக்கலாம் என்றுதான் பொருள். வாய்வழியாகக் கேட்டுத் திரும்பாதே. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கொடு, 30 நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும். இன்னொன்று: 1980-ல் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), மணியக்காரர் பதவிகளை ஒழித்தபோது வீட்டிலிருந்த கணக்குகள் எல்லாமே ஒப்படைக்கப்பட்டன என்று நினைக்காதே. பழைய கர்ணம் வீட்டுப் பரணில் அடங்கல் (பயிர், அனுபவக் கணக்கு) கட்டு கிடக்கலாம். ஆதாரமாக நிற்காவிட்டாலும் வழி காட்டும்.

அடங்கல் பசலிக் கணக்கில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆண்டு வரும். பசலி 1343 என்பது 1933 ஜூலை முதல் 1934 ஜூன் வரை. பத்திரங்களில் தமிழ் வருஷப் பெயர் வரும். "ஸ்ரீமுக வருஷம் தை மாதம்" என்றால் 1934 ஜனவரி-பிப்ரவரி, 1933 அல்ல. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால் 1874-ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது என்று பார்: விக்டோரியா ராணி என்றால் ஏறக்குறைய 1901-க்கு முந்தியது, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் ஏறக்குறைய 1910-க்கும் 1936-க்கும் இடையில்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு (நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) மனுப் போடும்போது பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் போடு. புதிய எண்ணுக்கு மட்டும் போட்டால் யு.டி.ஆருக்கு முந்தைய பத்திரம் வராது, நிலம் சுத்தமாக இருப்பது போலத் தெரியும். இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும், அதற்கு முன் கைத்தேடல். உங்கள் ஊர் எந்த வருஷம் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று கேட்டுக்கொண்டு போ. உயில் 3ஆம் புத்தகத்தில் இருக்கும், வில்லங்கச் சான்றில் வராது, தனியே கேட்க வேண்டும். ஒரு கிரயப் பத்திரமும் அகப்படாமலே போகலாம், அதற்காகப் பதறாதே. நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள நிலத்தை அந்தக் காலத்தில் பதிவு செய்யாமலே கைமாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் கொடுத்தது, அன்றைய புஞ்சைக்கு அந்த விலைதான் இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய காலமும் அப்படித்தான். சேலம் ஜில்லா மோசமாக அடிபட்டது. தீர்வை (நிலவரி) கட்ட முடியாதவர் நிலமே வேண்டாமென்று ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், இன்னொருவர் தர்க்காஸ்து (அரசிடம் நிலம் கேட்கும் மனு) போட்டு எடுப்பார். அப்படி எடுத்தவருக்கு முந்தைய பத்திரம் என்று ஒன்று இருக்கவே இருக்காது.

இனி கோவில் புத்தகம், அதாவது உங்கள் மாதா கோவிலின் ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகள். உங்கள் கோவில் பங்கு (பங்குத்தளம்) ஆரம்பித்த ஆண்டைக் கேள். அதற்கு முந்தைய பதிவுகள் தாய்ப்பங்கில் இருக்கும். தருமபுரி மறைமாவட்டம் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. சேலமே 1930-ல் புதுச்சேரி, மைசூர், கும்பகோணம் பகுதிகளைச் சேர்த்து உண்டானது. ஓசூர்ப் பக்கம் தேடும்போது மைசூரையும் நினைவில் வை. பங்குச் சாமியாரிடம் எழுத்தில் கேள், உன் பங்குச் சாமியாரின் கடிதமும் கொண்டு போ. ஜெராக்ஸ் கேட்காதே, ஏட்டின் முதுகை விரித்து அமுக்கினால் பழைய தையல் விட்டுவிடும். மங்கிய மையைச் சாளரத்தின் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படி, தெரியும்.

பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கும், ஆனால் ஒரே அச்சு. ஒன்றைப் படித்துவிட்டால் எல்லாம் படித்த மாதிரி. "ஏகோ இன்ஃப்ராஸ்கிரிப்துஸ் பாப்திஸாவி மரியாம், ஃபிலியாம் லெஜிதிமாம் பவுலி எத் அன்னே" என்றால் "கீழே கையெழுத்திட்ட நான், பவுல், அன்னா தம்பதியின் முறையான மகள் மரியாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்". "பத்ரினி" என்று தொடங்குவது ஞானப்பெற்றோர். இந்தப் பவுலைப் பட்டாவில் தேடினால் கிடைக்க மாட்டார், அங்கே அவர் சின்னப்பன். பெத்ருஸ் என்றால் இராயப்பன், யோவான்னெஸ் அருளப்பன், யாக்கோபுஸ் சந்தியாகு, ஸ்தெபானுஸ் முடியப்பன், அந்திரேயாஸ் பெலவேந்திரன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். வேற்றுமை உருபால் கடைசி எழுத்து மாறும்: பெத்ரி என்றால் "பெத்ருஸின்".

ஒரே ஊரில் இரண்டு சின்னப்பன் இருந்தால் மனைவி பெயரையும் ஞானப்பெற்றோரையும் ஒப்பிட்டுப் பிரி. நில ஆவணங்களில் செக்குபந்தி, அதாவது பத்திரத்தின் நான்கெல்லை, அந்த வேலையைச் செய்யும். கிழக்கே யார் கொல்லை, தெற்கே எந்தக் கிணறு என்பது பெயரைப் போல மாறாது.

திருமண ஏட்டில் "ஃபிலியுஸ் தெஃபுங்தி பவுலி" என்று இருந்தால் அன்று பவுல் உயிரோடு இல்லை. அடக்க ஏட்டில் அவர் அகப்படாவிட்டாலும் எந்தத் தேதிக்கு முன் இறந்தார் என்பது கிடைத்துவிட்டது. நிலப் பங்கின் கணக்கு முழுக்க யார் யாருக்கு முன்னால் இறந்தார் என்பதில்தான் நிற்கிறது: பிள்ளையில்லாத மகன் தகப்பனுக்கு முன் இறந்தால் அவனுக்குப் பங்கில்லை, பின் இறந்தால் உண்டு. அடக்க ஏட்டின் வயதை மட்டும் நம்பாதே, 50, 60, 70 என்று முழு எண்ணில் உத்தேசமாகப் போட்டிருப்பார்கள்.

மூத்த அத்தைக்கு வருகிறேன். 1908 முதல் கத்தோலிக்க விதிப்படி ஒருவருக்குத் திருமணம் நடந்தால் எந்த ஊரில் நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவிக்க வேண்டும், அங்கே பழைய பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். ஆகவே அத்தையின் ஞானஸ்நானப் பதிவைக் கண்டுபிடித்து, நடுவில் இருப்பதைப் படித்ததும் மூடிவிடாமல் இடது ஓரத்தைப் பார். பொடி எழுத்தில், வேறு மையில், "மத்ரிமோனியும் கொன்த்ராக்ஸித் கும்" (இன்னாரோடு திருமணம் செய்துகொண்டார்) என்று தொடங்கி மாப்பிள்ளை பெயர், பங்கு, தேதி இருக்கும். அந்தப் பங்குக்கு எழுதினால் திருமண ஏடு, அங்கிருந்து அவர் பிள்ளைகளின் ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் வரிசையாக வரும். ஓரம் காலியாக இருந்தால் குறிக்கத் தவறியிருக்கலாம். அப்போது உங்கள் பங்கின் திருமண ஏட்டையே பார், பெண் வீட்டுக் கோவிலில் கல்யாணம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். முத்திரையிட்ட சான்று வாங்கிக்கொள். இது வாரிசுச் சான்றுக்கு மாற்றல்ல, ஆனால் பழைய சாவுகளுக்கு வேறு சான்று கிடைக்காதபோது துணைக்கு நிற்கும்.

பிரிவினைப் பத்திரத்துக்கு நாள் குறித்துவிடாதே. அத்தை பிள்ளைகளைக் கண்டதும் எடுத்த எடுப்பிலேயே விடுதலைப் பத்திரம் கேட்டு நிற்காதே, முதலில் கணக்கை அவர்கள் முன்னால் வை. கிணற்றுப் பங்கையும் பேசு. பழைய பத்திரத்தில் "கிணற்றில் 4-ல் 1 பாகம்" என்று தனியே எழுதியிருக்கும், நிலத்தைப் பிரித்துவிட்டுத் தண்ணீரை மறந்தவர்கள் நிறைய.

அ-பதிவேட்டு நகல் கிடைத்ததும் பழைய புல எண்ணை எனக்கு எழுது. ஓரக் குறிப்பைப் படிக்க முடியாவிட்டால் சாமியார் அனுமதியோடு அந்த ஒரு பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து அனுப்பு, நான் படித்து எழுதுகிறேன். சித்தப்பாவுக்கு என் வணக்கம் சொல். அவருக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே அத்தைகளின் ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர் இரண்டையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்