கட்டடத்துக்கு மானியம் உண்டு, கரண்ட் பில்லுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டலந்தோறும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். அரசு கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும் என்று அதில் ஒரு வரி. எழுதியவர் ஒரு மார்ச் மாதமாவது கல்லூரிக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தால், பேனா அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருக்கும்.

தங்களுக்குத் தெரியாததல்ல. தொடராச் செலவினம் ஒருமுறை வரும். கட்டடம், கருவி, மேசை நாற்காலி எல்லாம் அதில் அடக்கம். தொடர் செலவினம் வருஷா வருஷம் வேண்டும். சம்பளம், மின்சாரம், பராமரிப்பு. அடிக்கல் நாட்டி, படம் எடுத்து, தங்கள் முதல் பக்கத்தில் போட முதல் வகை போதும். இரண்டாவதுக்கு நிதித்துறை இசைந்து, பணியிடம் தோற்றுவித்து, தனி அரசாணை வர வேண்டும். அந்தக் கோப்புதான் நகராது.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். நான்கு பாடப்பிரிவு, பிரிவுக்கு 60 இடம், நான்கு வருஷம்: 960 மாணவர்கள். 20 பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) விதிப்படி 48 ஆசிரியர்கள். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் 1:2:6 என்றால் ஏறத்தாழ 5, 11, 32. உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக்குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும் 86,550. முப்பத்திரண்டு பேருக்கு வருஷத்துக்கு 3 கோடியே 32 லட்சம். வீட்டு வாடகைப்படி இதில் இல்லை. மூத்த ஆசிரியர்கள் இல்லை. ஆய்வக உதவியாளர், அலுவலகம், காவலாளி யாருமே இல்லை. அரசாணையில் இந்தத் தொகைக்கு ஒதுக்கீடு இல்லாவிட்டால் என்ன நடக்கும்? தொகுப்பூதியம். மணிக்கணக்குச் சம்பளம். கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-லேயே சொல்லிவிட்டது. அந்த உச்சவரம்பு எத்தனை பேர் கைக்கு முழுசாக வருகிறது என்று தங்கள் நிருபரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மின்சாரம். வளாகம் பெரிதாக வளரும் என்று நம்பி 500 கே.வி.ஏ. மின்சுமைக்கு உயரழுத்த இணைப்பு வாங்குவார்கள். பாதிக் கட்டடம் பூட்டிக் கிடக்கும், மீட்டரில் 180 ஏறினாலே பெரிது. ஆனால் மின்தேவைக் கட்டணம் (யூனிட் காசு போக, உச்சச் சுமைக்குத் தனியாக வாங்குவது) பதிவான அளவுக்கா, ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்கா என்று பார்த்து, எது அதிகமோ அதற்குத்தான் பில் வரும். அதாவது 450 கே.வி.ஏ.வுக்கு. எரியாத விளக்குக்கும் காசு. ஒப்பந்த அளவைக் குறைக்க மனுக் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தால், அப்படியானால் இவ்வளவு பெரிய மின்மாற்றி எதற்கு வாங்கினீர்கள் என்று தணிக்கைக் குறிப்பு வந்து நிற்கும்.

கருவிகளின் கதை இன்னும் அழகு. மார்ச் 31-க்குள் செலவு காட்டிப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பாவிட்டால் அடுத்த தவணை வராது. அந்த அவசரத்தில் கம்பி போன்றவற்றை 40 டன் விசை வரை இழுத்தும் அழுத்தியும் சோதிக்கும் யூனிவர்சல் டெஸ்டிங் மெஷின் லாரியில் வந்து இறங்கும். அதை நிறுத்தக் கான்கிரீட் அடித்தளம் போட்டு நங்கூர போல்ட் பதித்திருக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் லைன் வேண்டும். ஆய்வகக் கட்டடமோ இன்னும் லிண்டல் மட்டத்தில் நிற்கும். மரப்பெட்டியோடு வராந்தாவில் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பார்கள். உத்தரவாதம் பொருள் வந்த தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வருஷம் கழித்துப் பிரித்தால் ஆயில் சீல் விறைத்துக் கசியும், பழுது பார்க்கக் காசு கேட்பார்கள். ஓட்டியாகிவிட்டது என்றே வையுங்கள், கருவி காட்டும் அளவு சரிதானா என்று வருஷாந்திர அளவுத்திருத்தம் செய்து சான்று வாங்க வேண்டும். அதற்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் ஒதுக்கீடு கிடையாது. அந்தச் சான்று காலாவதியானால், ஊரில் வீடு கட்டுகிறவர் கம்பியைச் சோதிக்கக் கொண்டுவந்தாலும் கல்லூரி தரும் அறிக்கை செல்லாது. வரவேண்டிய நாலு காசும் போச்சு.

பல்கலைக்கழகங்களைப் பெருக்குவது நமக்குப் புதிதா என்ன? 2007-ல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்துக் கோவை, திருச்சி, நெல்லை என்று வைத்தோம். 2010-ல் மதுரையைச் சேர்த்து, பெயர்களையும் 'தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்' என்று மாற்றினோம். 2012-ல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினோம். முத்திரையும் பெயர்ப்பலகையும் மாறியது போகட்டும். அரியர் வைத்திருந்த பிள்ளைகளுக்கு, இல்லாமல் போன பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்திலேயே வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. பிரிக்கிறபோதும் தலையங்கம் வந்தது, சேர்க்கிறபோதும் வந்தது, இரண்டும் வரவேற்புதான்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். இனி எந்த ஊருக்காவது வளாகம் அறிவிக்கப்பட்டது என்று செய்தி போடும்போது, கோடிக்கணக்கை மட்டும் கொட்டை எழுத்தில் போடாமல், அரசாணை எண், அதில் தொடர் செலவினம் எவ்வளவு, தோற்றுவிக்கப்பட்ட பணியிடம் எத்தனை என்று கீழே ஒரே ஒரு வரி சேருங்கள். பணியிடம் இல்லையென்றால் 'இல்லை' என்றே அச்சிடுங்கள்.

அப்படியே, அண்ணா பல்கலைக்கழகம் 1794-ல் தொடங்கியது என்று தலையங்கத்தில் வந்திருப்பதையும் திருத்திவிடுங்கள். அது சென்னைக் கோட்டையில் ஆரம்பித்த நில அளவைப் பள்ளியின் ஆண்டு. பல்கலைக்கழகம் 1978.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர்,
தஞ்சாவூர்