வார்டோ உறவுகளுக்கு நன்றி

அன்புள்ள அண்ணை, அக்கா, மற்றும் அங்கே எங்களைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்,

நோர்வேயின் வடகிழக்குக் கோடியிலுள்ள வார்டோவிலிருந்து ஒஸ்லோவுக்குச் சுகமாக வந்து சேர்ந்துவிட்டோம். உடுப்பெல்லாம் தோய்த்தும் புகை மணம் போகவில்லை. தொலைபேசியில் சொன்ன நன்றி போதாது என்று இவர் சொல்கிறார். சரி, நாலு பேர் அறியவே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் மீன் பக்டரி வேலைக்கென்று வடக்கே வந்த தமிழர்களில் பலர் தெற்கே இறங்கிவிட்டார்கள். நீங்கள் அங்கேயே நின்றதால்தான் எங்களுக்குக் கூடாரம், காஸ் அடுப்பு, பிள்ளைகளுக்கு ரப்பர் சப்பாத்து எல்லாம் கிடைத்தன. கரையில் தூண்டில் போட்டுப் பிடித்த, கொட் இனத்துச் 'சேய்' மீனுக்கு அக்காவின் இடிச்ச சம்பல்! சின்னவன் இன்னும் அதே பேச்சு. பாறையில் சிப்பி பொறுக்க ஓடிய பிள்ளைகளை மறித்து, பாசி நஞ்சு ஏறியிருந்தால் எவ்வளவு அவித்தாலும் போகாது என்று விளங்கப்படுத்திய அண்ணைக்கும் நன்றி.

ஹம்னிங்பெர்க் வீட்டுக்காரருக்கு இதை அண்ணைதான் வாசித்துச் சொல்லவேண்டும். 1944இல் ஜெர்மன் படை பின்வாங்கியபோது வட கோடி மாகாணமான பின்மார்க்கையே எரித்துக்கொண்டு போனது. அதில் தப்பிய ஒரு சில ஊர்களில் ஹம்னிங்பெர்க்கும் ஒன்று. இன்று கோடையில் மட்டும்தான் ஆள் நடமாட்டம். வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடும் உரிமையை 1957ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்குத் தந்திருக்கிறது. ஆனால் காற்று கூடாரத்தைக் கிழித்த இரவில், நனைந்து நின்றவர்களை உள்ளே கூப்பிட்டு அடுப்பு மூட்டிக் கோப்பி ஊற்றித் தரச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை.

கடைசியாக, அக்காவின் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. மொல்தே பழம் (cloudberry) இருக்கும் சதுப்பை அங்கே சொந்தப் பிள்ளைக்குக்கூட லேசில் காட்டமாட்டார்களாம். அவர் எங்களைக் கூட்டிப்போனார், அதுவும் நுளம்புக்கு நடுவே, முழங்கால் வலியோடு. ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பழம். சிவப்பாக இருந்தால் காய். பொன் மஞ்சளாகி, புல்லிதழ் பின்னால் மடங்கியிருந்தால்தான் பழம். மகள் சிவப்பைத் தொடப்போகும்போதெல்லாம் "இக்கெ என்னோ" (இன்னும் இல்லை) என்று விரலைப் பிடித்து நிறுத்தி, பழுத்ததைத் தொட வைத்தார். தொட்டதும் கையோடு வந்துவிடுகிறது. தன் வாளி அரைவாசியில் இருக்க, எங்கள் வாளியை நிரப்பினார். அந்த மனசுக்கு என்ன சொல்ல?

அந்த இடம் எங்கே என்று இங்கே எழுதமாட்டேன். யாரும் கேட்கவும் வேண்டாம்.

பழத்தைக் காய்ச்சாமல் சீனி மட்டும் போட்டு போத்தலில் அடைத்தாயிற்று. அக்கா, உங்கள் வாளிகள் இரண்டும் கழுவி வைத்திருக்கிறது. தீபாவளிக்கு ஒஸ்லோ வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவுக்கு மாம்பழமும் முருங்கைக்காய் ஊறுகாயும் தந்துவிடுவேன், உறைப்புக் குறைத்துத்தான்.

அன்புடன்,
ஒஸ்லோ தங்கச்சி குடும்பம்