குறைமாசப் பிள்ளைக்குப் 'பாதி அளவு' கணக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "பெரியவனுக்கு அஞ்சு மில்லின்னா சின்னதுக்கு ரெண்டரை" என்று மருந்துக்குக் கணக்குப் போடுவது நம் பக்கம் சாதாரணம். நானும் அப்படித்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். குறைமாசத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு உதவாது என்பதை, பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் 34 நாள் கிடந்துதான் தெரிந்துகொண்டேன்.

என் மகளுக்கு 31 வாரத்திலேயே பேரன் பிறந்துவிட்டான். எடை 1,350 கிராம். கிருமித்தொற்று இருக்கலாம் என்று ஜென்டாமைசின் ஊசி ஆரம்பித்தார்கள். பக்கத்தில் கிடந்த நிறைமாசப் பிள்ளைக்கு அதே ஊசி தினமும், எங்கள் பிள்ளைக்கு மட்டும் 36 மணி நேரத்துக்கு ஒன்று. என் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல், "ஏன் சிஸ்டர், அந்தப் பிள்ளைக்குத் தினம் போடுதிய, எங்க பிள்ளைய மட்டும் ஏன் தள்ளிப் போடுதிய?" என்று சண்டைக்கே போய்விட்டார். கவனிக்காமல் விடுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த சிஸ்டர் கோபப்படாமல் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், சிறுநீரகத்தின் வடிகட்டிகள் உருவாகி முடிவதே வயிற்றுக்குள் 34, 36 வாரம் ஆகும்போதுதான், அதற்கு முன்னாலேயே வந்துவிட்ட பிள்ளைக்குப் போட்ட மருந்து மெதுவாகத்தான் வடியும், அது வடியுமுன் அடுத்த ஊசியைப் போட்டால் சேர்ந்து சேர்ந்து சிறுநீரகத்தையும் காதையும் கெடுத்துவிடும் என்றார். சரி, அப்படியென்றால் ஒவ்வொரு ஊசியையும் பாதியாகக் குறைத்துத் தினமும் போடலாமே என்று கேட்டேன். அதுவும் கூடாதாம். குறைமாசப் பிள்ளையின் உடம்பில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர். அதில் மருந்து பரவி நீர்த்துப்போகும். அளவைக் குறைத்தால் கிருமி சாகாது. அதனால் அளவில் கை வைக்காமல் நேரத்தைத்தான் தள்ளுகிறார்கள். பிள்ளை வளர வளர அந்த நேரமும் மாறும். போன வாரத்துக் கணக்கு இந்த வாரத்துக்கு ஆகாது.

அப்புறம், மூச்சை மறந்துவிடுகிறான் என்று காஃபின் கொடுத்தார்கள். காபியில் இருக்கிற அதே காஃபின்தான். நமக்குக் குடித்த காஃபின் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போதும். இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு நாள் ஆகும், ஏனென்றால் அதை உடைக்கிற வேலையை ஈரல் இன்னும் பழகவில்லை. அதனால் மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வைத்துப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1950-களில் இது சரியாகத் தெரியாமல் குளோராம்பெனிகால் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்து, ஈரலால் அதை மாற்றி வெளியேற்ற முடியாமல், எத்தனையோ பச்சைப்பிள்ளைகள் சாம்பல் நிறமாகி இறந்திருக்கின்றன. அதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

இத்தனையும் கேட்டு வந்த பிறகும், வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் பிள்ளைக்கு உடம்பு சுட்டதும் மருமகன் மெடிக்கலில் போய் நின்றார். கடையில் ஒன்றுமே கேட்காமல் பாராசிட்டமால் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். வீட்டில் மூத்த பேத்திக்கு வைத்திருந்த சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125. சிரப் என்று நினைத்து ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போயிருக்கும்! பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சுட்டால் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். என் அம்மா, பிள்ளைக்குப் பூட்டி, அதற்குள் வசம்பும் ஜாதிக்காயும் உரைக்கக் கல்லை எடுத்துவிட்டார். எங்களையெல்லாம் ஆளாக்கிய கை அது, அதைத் தடுக்க எனக்கு மனசு வலித்தது, ஆனாலும் தடுத்தேன்.

டிஸ்சார்ஜ் அட்டையில் மருந்துப் பெயர் முழுக்க இங்கிலீஷில்தான் இருந்தது. எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, இப்போது எடை என்ன, எந்த மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை, டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது என்பதை அட்டையின் மேலேயே தமிழில் எழுதித் தர வேண்டும். மெடிக்கலில் இருப்பவர்களும் கைப்பிள்ளைக்கு என்று யார் மருந்து கேட்டாலும், "எத்தனை மாசத்துல பிறந்தது, இப்ப எத்தனை கிலோ" என்று கேட்காமல் பாட்டிலை எடுக்கக் கூடாது.

— ஓர் ஆச்சி,
கல்லிடைக்குறிச்சி