மார்ச் 25-க்குள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
நவம்பர் 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து அம்மா கம்பில்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. இங்கே சின்னவளும் காலேஜுக்குப் போய்விட்டாள். சாயங்காலத்தில் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

அப்புறம், நீ அனுப்பிய உன் ஃப்ளாட்டின் லீஸ் பத்திரத்தின் முதல் பக்கம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 2008-ல் சாவி வாங்கினோம், 99 வருஷத்தில் இன்னும் 82 வருஷம் போல இருக்கிறது, புதுச் சட்டம் வரட்டும் என்று எழுதியிருக்கிறாய். பத்திரத்தில் லீஸ் தொடங்கும் நாள் 2007 மார்ச் 25. சாவி வாங்கிய நாளை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வருகிற மார்ச் 25 அன்று உனக்கு மிச்சம் இருப்பது 80 வருஷம். கையில் இருப்பது நான்கு மாதம்தான்.

மதுரையில் லீஸ் என்றால் நமக்கு ஒத்திதான். மொத்தமாகப் பணம் கொடுத்து மூன்று வருஷம் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்வோம். சொந்தமாக ஃப்ளாட் வாங்கினாலும் மனையில் பிரிபடாத பாகம் நம் பேரில் பதிவாகிவிடும். அந்த நினைப்பிலேயே 2001-ல் இங்கே வீடு வாங்கினேன். இங்கிலாந்தில் நிலம் ஃப்ரீஹோல்டருடையது, நாம் வாங்குவது வருஷங்களைத்தான் என்பது உறைக்கவே இல்லை. அப்போது என் லீஸில் 84 வருஷம் இருந்தது. 2005-ல் 80-ஐத் தாண்டிக் கீழே இறங்கியது எனக்குத் தெரியாது. 2013-ல் கடனை வேறு பேங்குக்கு மாற்றப் போனபோது, 72 வருஷம்தானா என்று தயங்கினார்கள். அன்றைக்குத்தான் விழித்தேன்.

80-ல் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மிச்சம் இருக்கும் வருஷத்தோடு 90 வருஷம் கூட்டிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நிலத்துக்காக வருஷாவருஷம் கட்டும் கிரவுண்ட் ரெண்ட் அதோடு முடிந்துவிடும்; சட்டத்தின் வார்த்தையில் இனி வாடகை ஒரு மிளகு, பேருக்குத்தான். அதற்கு ஈடாக, ஃப்ரீஹோல்டர் இழக்கும் கிரவுண்ட் ரெண்டுக்கும், வீடு அவர் கைக்குத் திரும்புவது 90 வருஷம் தள்ளிப்போவதற்கும் ஒரு தொகை தருகிறோம். ஆனால் 80 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால், லீஸை நீட்டுவதால் கூடும் மதிப்பிலும் பாதி அவருக்குப் போகிறது. இதைத்தான் மேரேஜ் வேல்யூ என்கிறார்கள். லீஸை நீட்ட நான் கட்டிய 13,000 பவுண்டில் ஐயாயிரத்துக்கு மேல் இந்த ஒன்றுக்காகவே போனது. அந்தக் காசு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

புதுச் சட்டத்துக்குக் காத்திருப்பது உன் விஷயத்தில் தப்பு என்றே நினைக்கிறேன். 2024 மே மாதம் நிறைவேறிய அந்தச் சட்டம் மேரேஜ் வேல்யூவை நீக்குகிறது, 990 வருஷம் தருகிறது, உண்மைதான். அதை எதிர்த்து ஃப்ரீஹோல்டர்கள் போட்ட வழக்கையும் போன மாதம் ஹைகோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் விலைக் கணக்கைப் பற்றிய அந்தப் பகுதிகள் இன்னும் அமலுக்கு வரவில்லை. 70, 65 என்று இறங்கிவிட்டவர்கள் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. இப்போதே 80-க்கு மேல் நிற்கும் உனக்கு மேரேஜ் வேல்யூவே கிடையாதே, அது நீங்கி உனக்கு என்ன மிச்சமாகப் போகிறது? மார்ச் தாண்டி, சட்டமும் அமலுக்கு வராமல் போனால்தான் நீ மாட்டிக்கொள்வாய்.

விலையைப் பேசி முடிக்க எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை. லீஸை நீட்டச் சொல்லி ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுத்த நாளை வைத்துத்தான் கணக்கு. அதனால் நோட்டீஸ் முதலில் போகட்டும். இதே வேலையைச் செய்து பழகிய, தொகையைக் கணக்கிடும் சர்வேயரையும், சொலிசிட்டர் என்கிற வக்கீலையும் பிடி. நோட்டீஸில் போடும் தொகை நியாயமாக இருக்க வேண்டும். பதில் சொல்ல ஃப்ரீஹோல்டர் தரப்புக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். பதில் வந்து ஆறு மாதத்துக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் அதற்குள், விலையைத் தீர்த்துவைக்கும் டிரிப்யூனலுக்குப் போயாக வேண்டும். விட்டுவிட்டால் நோட்டீஸ் செல்லாது, அடுத்தது கொடுக்க ஒரு வருஷம் ஆகும். அவர்கள் தரப்புச் செலவிலும் நியாயமானதை நாம்தான் கட்ட வேண்டும், அதையும் எடுத்து வை.

வக்கீல் இல்லாமலே முடித்துக்கொள்ளலாம் என்று அவர்களிடமிருந்து அன்பாக ஒரு கடிதம் வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. எனக்கும் வந்தது. 9,000 பவுண்டுதான், ஆனால் கிரவுண்ட் ரெண்ட் பத்து வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சர்வேயர் காட்டியிராவிட்டால் போட்டிருப்பேன்.

லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸில் இலவசமாகவே ஆலோசனை சொல்வார்கள், திங்கட்கிழமையே பேசு. சனிக்கிழமை நான் குரோய்டன் வருகிறேன். முழுப் பத்திரத்தையும் எடுத்து வை, சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். என்னுடைய பழைய நோட்டீஸையும் கொண்டு வருகிறேன்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி