ஃபேமஸும் நொட்டோரியஸும் ஒண்ணு இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல இங்கிலீஷ் பக்கத்துல "யூஸ்னு சொல்லாதீங்க, யூட்டிலைஸ்னு சொல்லுங்க, அப்பதான் மதிப்பாங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. படிச்சதுல இருந்து மனசு ஆறலை. சின்ன வார்த்தை போதும்ங்கற இடத்துல பெரிய வார்த்தை போடாதேன்னு இங்கிலீஷ் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-லயே எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு, உங்களுக்குத் தெரியாததா?

நான் ஜெராக்ஸ் கடை வச்சு 19 வருஷமா பசங்களுக்கு பயோடேட்டா டைப் அடிச்சுக் குடுக்கறேன். பர்ச்சேஸ், கமென்ஸ், யூட்டிலைஸ்னு எழுதிக்கிட்டு வருவாங்க, கேட்டா உங்க பக்கத்தைக் காட்டுவாங்க. என் பொண்ணும் தமிழ் மீடியம்தான். உங்க பக்கத்தை வாராவாரம் கத்தரிச்சு லாங் சைஸ் நோட்டுல ஒட்டி வச்சிருக்கா, ஓரத்துல பென்சில்ல தமிழ் அர்த்தம் எழுதியிருப்பா. அதுல ஃபேமஸ், ரினௌண்ட், நொட்டோரியஸ் மூணுக்கும் சேர்த்து "புகழ்பெற்ற"ன்னு ஒரே அர்த்தம் போட்டிருந்தீங்க. அதை நம்பி இன்டர்வியூ ஃபார்ம்ல, ஹேண்ட்பால்ல நான் காலேஜ்லயே நொட்டோரியஸ்னு எழுதிட்டா. நான் டைப் அடிச்சிருந்தா மாத்தியிருப்பேன், இது அங்கேயே கையால எழுதினது. எதிர்ல இருந்தவரு சிரிச்சுட்டு பேப்பரைப் பக்கத்துல இருந்தவருக்கு நீட்டினாராம், அவரும் சிரிச்சாராம். கெட்ட பேருக்கு ஃபேமஸ் ஆனவனைத்தான் அப்படிச் சொல்வாங்கன்னு வீட்டுக்கு வந்து டிக்ஷனரி பாத்துதான் அவளுக்கே தெரிஞ்சுது. நாலு வாரமா அந்த நோட்டைத் தொடலை.

இது மொத தடவை இல்லைங்க. போன வருஷம் subtle-ங்கற வார்த்தைக்கு "சப்டில்"னு உச்சரிப்பு போட்டீங்க, அதுல பி சத்தமே வராது, சட்டில்னுதான் சொல்லணும்னு கார்டு எழுதிப் போட்டேன், பதிலே இல்லை. கேட்டமரான்னா "ஒருவகைப் படகு"ன்னு போட்டீங்க, அது நம்ம கட்டுமரத்துல இருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைன்னு ஒரு வரி சேர்த்திருந்தா பிள்ளைங்க ஆயுசுக்கும் மறக்காதே. அமெரிக்காவுல மேல்படிப்புக்கு எழுதற ஜிஆர்ஈ பரீட்சையிலயே வெறும் எதிர்ச்சொல் கேள்வியை 2011-ல எடுத்துட்டாங்க, வாக்கியத்துல வார்த்தை பொருந்துதான்னுதான் பாக்கறாங்க. நீங்க இன்னும் வாக்கியமே இல்லாம பட்டியல் போடறீங்க. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைன்னா வீட்டுல யாராவது திருத்துவாங்க, எங்க பிள்ளைங்களுக்கு நீங்க அச்சடிக்கிறதுதான் வேதம்.

பெருசா எதுவும் கேக்கலை. ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழயும் ஒரு முழு வாக்கியம், சரியான உச்சரிப்பு, அவ்வளவுதான். நொட்டோரியஸுக்கு மட்டும் அதே பக்கத்துல ஒரு திருத்தம் போடுங்க. வெட்டி எடுத்து அவ நோட்டுல அந்தப் பழசு மேலயே ஒட்டிடறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர், தென்காசி