'வரவில்லை' என்று மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முக்கூடல் அருகே பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தவள் என்ற முறையில், கிராம சுகாதார செவிலியர்களைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடப்பதும், புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் நாம் அறிந்த நடைமுறை. ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண், செவ்வாய் காலையில் சுளகை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றால், அன்று பீடிக்கடையில் ஒப்படைக்க வேண்டிய கணக்கு குறைந்துவிடும். எங்கள் தெருவில் இரண்டாம் பிள்ளையைச் சுமந்திருந்த ஒரு பெண் இதனாலேயே தொடர்ந்து பரிசோதனைக்குப் போகாமல் இருந்தாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று மட்டும் இருந்தது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் எங்கள் செவிலியர் அவள் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார். கர்ப்ப காலத்தில் 11 கிராமுக்குக் குறையக்கூடாத ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே இருந்தது. "கூலி போயிரும்னுதான் நீ வரல, எனக்குத் தெரியும் தாயி. அதை எழுதத்தான் இதுல கட்டம் இல்ல" என்று அவர் சொன்னதை நான் அருகிலிருந்து கேட்டேன். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததால் தாயும் பிள்ளையும் இன்று நலமாக இருக்கிறார்கள்.

அந்தக் கட்டம் இல்லாததே என் கவலை. யாருக்கு மருத்துவம் எட்டவில்லை, ஏன் எட்டவில்லை என்பது வீடு வீடாகச் செல்லும் செவிலியருக்கே தெரியும். அவரிடமோ எண்ணிக்கையை மட்டுமே கேட்கிறோம். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்ற வரையறை தலைகளை எண்ணுகிறதே தவிர, காரையாறு அணையைப் படகில் கடந்து காட்டுவழி நடந்து சேர வேண்டிய இஞ்சிக்குழிக் காணிப் பழங்குடி மக்களின் தொலைவையோ, பீடித் தூளை நாள் முழுவதும் சுவாசிக்கும் பெண்களின் நெஞ்சையோ கணக்கில் கொள்வதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ₹18,000 மதிப்புள்ள உதவி கிடைப்பது பெரும் நன்மைதான்; ஆயினும் கர்ப்பத்தைப் பதிவு செய்து பெறும் 'பிக்மி' எண்ணுக்கும் வங்கிக் கணக்குக்கும் வேண்டிய ஆவணங்கள் கைவசம் இல்லாத ஏழைப் பெண்ணுக்காக அலைந்து பேசுவதும் பெரும்பாலும் இதே செவிலியர்தான்.

ஆகவே, பரிசோதனைக்கு வராதவர்கள் வராத காரணத்தைப் பதிவு செய்யவும், அதனை மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் எடுத்துப் பேசவும் சுகாதாரத் துறை வழி செய்ய வேண்டும். பீடித் தொழில் நடக்கும் ஊர்களில் வாரம் ஒரு மாலையாவது பரிசோதனை வைக்கலாம். ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையில் ஊரின் நலக்குறைகளைச் செவிலியரே எடுத்துரைப்பதை நிலையான பொருளாக்க வேண்டும். குறையைச் சொன்னதற்காக அவர்மேல் பழி விழாது என்ற உறுதியும் அவருக்கு வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் இக்கோரிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்கி வருகிறார்கள். அடுத்த கிராம சபையில் அதனைக் கொடுக்க இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.