கட்டிப்போட்ட நாய் எங்க போய் தண்ணி தேடும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்க வில்லாபுரம் பக்கம். அழகர் ஆத்துல எறங்குறதைப் பாக்க ராத்திரியே கெளம்பிட்டோம், எங்க நாய் செவலையை மொட்டை மாடில தண்ணித் தொட்டி நெழல்ல கட்டிப்போட்டு, பிளாஸ்டிக் பேசின் நெறைய தண்ணியும் வச்சுட்டுத்தான் போனோம், எட்டு மணிக்குள்ள வந்துரலாம்னு நெனப்பு. அப்புறம் செல்லூர்ல அத்தை வீட்டுல சாப்பாடு, கூட்டத்துல பஸ் கெடைக்கலைன்னு வீடு வந்து சேர மத்தியானம் ரெண்டு மணி ஆயிருச்சு. வழி நெடுக மோர்ப்பந்தல், சாமிக்கே தண்ணி பீய்ச்சி அடிக்கிறாங்க, நாங்களும் வயிறு நெறைய பானக்கம் குடிச்சுட்டு வந்து மாடியேறிப் பாத்தா பேசின் கவுந்து கெடக்கு. தொட்டியோட நெழலு எப்பயோ அங்கிட்டு போயிருச்சு, சங்கிலி எட்டுற தூரம் பூரா வெயிலு.

செவலை கொலைக்கல. எந்திரிக்க முடியாம வாலை மட்டும் ஒருதரம் ஆட்டுச்சு. வாயோரம் எச்சி பசை மாதிரி நூல் நூலா தொங்குது, கண்ணு உள்ள போயிருக்கு. நான் பதறிப்போயி ஈரச்சாக்கை மேல போத்தி ஆட்டோல மாட்டாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனேன், டாக்டரம்மா மொதல்ல அந்தச் சாக்கைத்தான் எடுத்துப் போட்டாங்க, அது சூட்டை உள்ளயே அமுக்கிருமாம், சாதா தண்ணியை வயிறு, தொடை இடுக்கு, பாதத்துல ஊத்தி காத்து படுற மாதிரி வைக்கணுமாம். நாய்க்கு 101லருந்து 102.5 டிகிரி இருக்கணும், இதுக்கு 105 காமிச்சுச்சு. முன்னங்கால்ல முடியை மழிச்சு டிரிப் ஏத்துனாங்க. பொழச்சுருச்சு.

அன்னைக்கு டாக்டரம்மா காமிச்சுக் குடுத்ததைத்தான் எல்லாருக்கும் சொல்லணும்னு இதை எழுதுறேன். நமக்கு மாதிரி நாய்க்கு ஒடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு எளைச்சுத்தான் சூட்டை வெளிய தள்ளுது, அப்படி எளைக்க எளைக்க ஒடம்புல இருக்க தண்ணிதான் போகுது. நல்லா இருக்க நாயோட ஈறு ஈரமா வழுவழுன்னு இருக்கும், காஞ்சு வெரல்ல ஒட்டுச்சுன்னா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். ஈறை அமுக்கி விட்டா வெள்ளையாகி ரெண்டு செகண்டுக்குள்ள பழைய கலருக்கு வரணும், நாட்டு நாய்ங்களுக்கு ஈறு கருப்பா இருந்துச்சுன்னா உள்பக்கம் ரோஸ் கலரா இருக்க எடத்துல பாருங்க. தோள்பட்டைக்கு மேல தோலைப் புடிச்சுத் தூக்கி விட்டா டக்குனு படுத்துரணும், அன்னைக்கு செவலைக்கு தோலு கூடாரம் மாதிரி அப்புடியே நின்னுச்சு, அதை நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. வயசான நாய்க்கு தோலு எப்பவும் தளந்துதான் இருக்கும், அதுனால ஈறைத்தான் நம்பணும். ஆனா இதெல்லாம் வீட்டு நாய்க்கு மட்டும், தெருவுல தெரியாத நாய் எச்சி ஒழுக நின்னா வெறிநாயாக்கூட இருக்கலாம், வாய்ப்பக்கம் கையைக் கொண்டு போயிராதீங்க.

மயங்கிக் கெடக்குற நாய் வாயில தண்ணியை ஊத்தவே கூடாது, நுரையீரலுக்குள்ள போயிரும். முழிச்சிருந்தாலும் ஒரேயடியா குடிக்க விட்டா வாந்தி எடுத்துரும், கொஞ்சம் கொஞ்சமாத்தான். குட்டி நாய் வாந்தியும் பேதியுமா இருந்துச்சுன்னா நாளைக்குப் பாப்போம்னு இருக்காதீங்க, ஒரே நாள்ல காஞ்சு போயிரும்.

கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50லருந்து 60 மில்லி தண்ணி வேணும், 20 கிலோ நாய்னா ஒரு லிட்டருக்கு மேல, கத்திரி வெயில்ல இன்னும் கூட. இப்ப நாங்க வாயகன்ற மண்சட்டி ரெண்டு வாங்கி ஒண்ணு வாசல்ல ஒண்ணு கொல்லைல வச்சிருக்கோம், கனமா இருக்கதுனால கவுறாது, தண்ணியும் சில்லுனு இருக்கு, காலைல சாயங்காலம் தேச்சுக் கழுவி மாத்துறோம். சாப்பாட்டுலயும் தண்ணி நெறைய விட்டு கரைச்சுதான் வைக்கிறோம். மாடில கட்டுறதை விட்டாச்சு.

எங்க தெருவுலயே தகர ஷீட்டுக்குக் கீழ, கேட்டுப் பக்கத்துல, நாள் பூரா கட்டியே கெடக்குற நாய் நாலஞ்சு இருக்கு. தெருநாயாவது சாக்கடை ஓரமோ கார் அடியிலயோ போய்ப் படுத்துக்கும், அவுத்து விட்டாத்தானே இதுக போகும்? காலைல நெழலா இருந்த எடம் மத்தியானம் வெயிலாயிருதுன்னு யாருக்கும் தோணுறதில்ல, எங்களுக்கே தோணலையே.

நீங்க தெனமும் மதுரைல இன்னைக்கு இத்தனை டிகிரின்னு போடுறீங்க. கத்திரி முடியிற வரைக்கும் அதுக்குப் பக்கத்துலயே, கட்டிப்போட்ட நாய்க்கு மத்தியானம் ஒரு தடவை நெழலும் தண்ணியும் பாத்தீங்களான்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
செவலையை வளக்குற வாசகர்,
வில்லாபுரம், மதுரை.